மாப்பிள்ளை தொட்டால் படம் ஓடும்

மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் ஒரு பனியன் நுனியால் வந்தது.

கல்யாண வீடியோ கைக்கு வந்த அன்று, மாமனார் உறவுக்காரர்களை எல்லாம் படம் பார்க்க வரச் சொல்லி நாற்காலி போட்டுவிட்டார். பேருந்து டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதுவும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பாவிட்டால் அவருக்குப் பொறுக்காது. கம்ப்யூட்டரோ கிளம்புகிற வழியாக இல்லை. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து, என்னால் முடியாது என்கிற தோரணையில் நின்றது. புது மாப்பிள்ளை எழுந்து போனார். சிடியை வெளியே எடுத்தார், பனியன் நுனியால் துடைத்தார், திரும்ப உள்ளே தள்ளினார், விசைப்பலகையில் எதையோ அழுத்தினார். படம் ஓடியது. எதை அழுத்தினார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

ஓடியது போதாதா? மாமனார் எழுந்து நின்று, மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தண்ணி பட்ட பாடு என்று சபைக்கு அறிவித்தார். மாப்பிள்ளை அடக்கமாகச் சிரித்தார். வினை அந்தச் சிரிப்பில் தொடங்கியது. குருட்டு அதிர்ஷ்டம் மாமா என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்னவளின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். சின்னவள் என்பது அவருடைய மனைவியின் தங்கை. அவளிடம் அவர் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல அந்த மனிதருக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. அவருடைய கதை என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் சாப்பாடும் தூக்கமும் பஸ்ஸுக்குக் காத்திருந்ததும்தான்.

அவருக்கு வேலை, பம்புசெட் உதிரிபாகக் குடோனில். தகரக் கூரை, வரிசையாக இரும்பு ரேக்குகள், ரேக்குக்கு ரேக் எண் எழுதித் தொங்கவிட்ட அட்டை, நுழைவாயிலில் ஒரு மேஜை, மேஜைமேல் சரக்கு வரவைப் பதிகிற பழைய கம்ப்யூட்டர். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் இல்லை. ஒரு வாஷர் கிடக்கிற இடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார். ஒரே சரக்கு இரண்டு இடத்தில் கிடப்பதுதான் குடோனில் நடக்கிற எல்லாக் குழப்பத்துக்கும் தாய் என்பது அவருடைய கட்சி. ஒன்று இங்கே இருக்க வேண்டும், அல்லது அங்கே இருக்க வேண்டும். இங்கேயும் அங்கேயும் இருந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்தப் பழக்கத்தை அவர் அப்படியே கம்ப்யூட்டருக்குள்ளும் கொண்டுபோனார். எந்த ஃபைலையும் அவர் காப்பி எடுத்ததில்லை. 'கட்' செய்து புது இடத்தில் கொண்டுபோய் வைப்பார். பழைய இடம் காலியாகத் தெரிந்தால்தான் அவருக்கு மூச்சு வரும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் கண்ணில் பட்டால் ஒன்றைத் தீர்த்துக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. சுத்தமான கை என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார்.

மாமனார் தெருத்தெருவாகப் பெருமை பேசியதில், திறக்காத வீடியோ எல்லாம் மாப்பிள்ளையைத் தேடி வர ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுக்காரரின் பேரப்பிள்ளை நடக்கிற படம், ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பணி ஓய்வு விழா, யார் யாருடைய சுற்றுலாவோ. விடுமுறை நாளில் மாமனார் வீட்டுக்குப் போனால், இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒருவர் பென் டிரைவோடு நிற்பார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் கொஞ்சம்தான். ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வருகிற வாலை மாற்றிப் பார்ப்பது, இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது, கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது. இதிலேயே பாதி ஃபைல்கள் திறந்துகொள்ளும். மீதிப் பாதிக்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தார். நாடி பிடித்துப் பார்த்த டாக்டர் மாதிரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஃபைலே கெட்டுப்போயிருக்கு" என்பார். கொண்டுவந்தவர்தான் தலையைக் குனிந்துகொண்டு போவார். எப்படிக் கெட்டது, யார் கெடுத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. வீட்டு மாப்பிள்ளையிடம் யார் அப்படிக் கேட்பார்கள்?

சின்னவள் டீச்சர். சின்ன வயசிலேயே தலையணைகளை வரிசையாக உட்கார வைத்து வருகை எடுத்தவள் என்று அக்கா கேலி செய்வாள். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஒரு லேத்துப் பட்டறைக்குப் பின்சுவர். இரும்பு கிறீச்சிடுகிற சத்தத்துக்கு மேலே மற்ற டீச்சர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்காரும். அந்தப் பக்கத்திலேயே பெரிய பள்ளிக்கூடம் ஒன்று ஆள் எடுத்தது. நேரில் கூப்பிடுவதற்கு முன்னால், ஒரு வகுப்பு நடத்தி அதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள்.

அவள் எடுத்துக்கொண்டது, நுரையீரல் பாடம். அடி வெட்டின பாட்டில், உள்ளே பலூன், கீழே இழுத்துக் கட்டிய ரப்பர். தலைமையாசிரியை தன் தம்பியின் கேமராவை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக் கொடுத்தார். கேமராவைக் கடைசி பெஞ்சில் புத்தக அடுக்கின்மேல் உட்கார வைத்துவிட்டு, சின்னவள் வகுப்பை நடத்தினாள். விடுமுறைக்கு முந்தின கடைசி வகுப்பு அது. மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், கேமராவில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது, அவள் அவசர அவசரமாக அணைத்தாள். எப்படி வந்திருக்கிறது என்று போட்டுப் பார்க்கச் சார்ஜ் இல்லை. நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போதே, அங்கே வந்திருந்த அக்காவிடம், இன்னிக்கு மாதிரி நான் என்னிக்குமே நடத்தினதில்லைக்கா என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். அந்த வகுப்பைச் சிடியில் ஏற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாமனார், மனைவி, சின்னவள் மூன்று பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை தன் வழக்கப்படி கேமராவின் கார்டிலிருந்து ஃபைலை வெட்டி எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்தார். இரவல் பொருளைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் இல்லையா, கார்டையும் துடைத்து எடுத்துவிட்டார். பிறகு ஃபைலைத் திறந்தார்.

திரை முழுக்கக் கறுப்பு. அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் எப்போதோ போய்விட்டது. ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டினார். சத்தம் தெளிவாக வந்தது. தூரத்தில் லேத்து, நாற்காலி இழுபடுகிற ஓசை, சின்னவளின் குரல். படம் மட்டும் வரவில்லை. இதைத் திரும்பிச் சொல்லியிருக்கலாம். பாதிதான் வருகிறது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. படத்தையும் வரவழைத்துவிட்டு மொத்தமாகச் சொல்வோம் என்று, ஹெட்ஃபோனைக் கழற்றாமலே வேலையில் இறங்கினார். வாலை மாற்றினார், கறுப்பு. இடத்தை மாற்றினார், கறுப்பு. மாமனார் பின்னாலிருந்து, அவசரமில்லை மாப்பிள்ளை என்று சொன்னார். அவசரமில்லை என்று டைம்கீப்பர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். கழுத்தில் வேர்த்தது.

இணையத்தில் தேடினார். கெட்டுப்போன வீடியோவைச் சரிசெய்து தருகிறோம் என்று, பச்சைப் பொத்தானோடு ஒரு புரோகிராம் கூப்பிட்டது. இறக்கினார். அது கொஞ்ச நேரம் ஓடியது, ஒரு பட்டை மெதுவாக நிரம்பியது, முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டது. அதே பெயரில் பழைய ஃபைல் இருக்கிறது, அதன்மேலேயே எழுதிவிடவா, இல்லை தனியாக வைக்கவா? ஒரே பெயரில் இரண்டா? குடோன்காரரின் விரல் யோசிக்கவே இல்லை. எழுதிவிடு என்று அழுத்தினார்.

ஹெட்ஃபோனில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சத்தமும் அதன் பிறகு வரவில்லை. திறந்து மூடினார், திறந்து மூடினார். கனமாக இருந்த ஃபைல் எலும்பும் தோலுமாகச் சுருங்கிக் கிடந்தது. கார்டைப் பார்த்தார். அவர் கையாலேயே துடைத்த கார்டு, பளிச்சென்று காலியாக இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபைலே கெட்டுப்போயிருக்கு" என்றார். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொன்றும் கேட்டார். "ரெக்கார்டிங் முழுசா நின்னதுக்கு அப்புறம்தானே ஆஃப் பண்ணே?"

சிவப்பு விளக்கு சிமிட்டியது, பயத்தில் அணைத்தோம், எது முதலில் எது பிறகு என்று சின்னவளுக்குச் சரியாக நினைவில்லை. அவள் தயங்கினாள். அந்தத் தயக்கம் போதும் மாப்பிள்ளைக்கு. அதான் பார்த்தேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அவள் அழவில்லை. என் கை ராசி அப்படி அத்தான் என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். அவர் அதை வாங்கிக் குடித்தார் வேறு.

விடுமுறை முடிவதற்குள் வீடியோ அனுப்ப வேண்டிய கடைசி நாள் கடந்து போயிற்று. பெரிய பள்ளிக்கூடத்தில் வேறு யாரோ சேர்ந்தார்கள். சின்னவள் லேத்துப் பட்டறைப் பின்சுவருக்கே திரும்பிப் போனாள். வீட்டில் அது ஒரு வேடிக்கையாக நிலைத்துவிட்டது. மிக்ஸி நின்றால், சின்னவள் தொட்டாளா என்பார்கள். டிவியில் கோடு விழுந்தால், தள்ளி உட்காருடி என்பாள் அக்கா. சின்னவளும் சேர்ந்து சிரிப்பாள். மாப்பிள்ளையும் சிரித்தார், மற்றவர்களைவிட ஒரு நொடி கழித்து.

உள்ளுக்குள் அவர் தனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார். படம் வராத ஃபைல்தானே, எப்படியும் பாதி செத்ததுதான், நாம் மீதிப் பாதியைத்தான் கொன்றோம். அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. ஒருநாள் குடோனுக்கு, பம்பில் சீல் மாட்டுவது எப்படி என்று கம்பெனியிலிருந்து ஒரு வீடியோ வந்தது. திறந்தால் திரை கறுப்பு, சத்தம் மட்டும். மாப்பிள்ளை அந்த நோய்க்குறியை அப்படியே தட்டித் தேடினார். முதலில் வந்த பக்கத்திலேயே பதில் இருந்தது. சத்தம் வந்து படம் வராவிட்டால், பெரும்பாலும் ஃபைல் நன்றாகத்தான் இருக்கும்; அந்த வகைப் படத்தைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை; வேறு பிளேயரில் திறந்து பாருங்கள். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள் என்று இருந்தது. அவர் வேறு பிளேயரைப் போட்டார். ஒரு நிமிஷ வேலை. திரையில் யாரோ ஒருவர் சிரித்த முகத்தோடு சீல் மாட்டிக் காட்டினார்.

மாப்பிள்ளை எழுந்து ரேக்குகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் யாரோ பார்க்கிற மாதிரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சின்னவளின் வகுப்பு முழுசாக, உயிரோடு இருந்திருக்கிறது. அதைக் கெடுத்தது அவர் கை. பழி மட்டும் அவளுக்கு.

வெட்கம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். இவரிடம் அது தாராளமாக வெளிப்பட்டது. சின்னவளுக்குக் கல்யாணம் நடந்தபோது ஓடி ஓடி வேலை செய்தார். அவள் வீடு மாறியபோது பீரோவைத் தானே முதுகில் சுமந்தார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்பது இவர்தான். இப்படி ஓர் அத்தான் யாருக்குக் கிடைக்கும் என்று ஊர் சொல்லிற்று. அந்தப் புகழ்ச்சி அவரை இன்னும் குடைந்தது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினால் இவர் அவள் தோளைப் பார்த்துப் பதில் சொல்வார். மனைவிக்கு மட்டும் ஏதோ பட்டது, நீங்க ஏன் அவகிட்ட மட்டும் இப்படிப் பம்முறீங்க என்று ஒருமுறை கேட்டாள். தலைவலி என்றார். தலைவலியாம்!

பிறகு பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடிக்கிடந்து, டீச்சர்களை வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்தச் சொன்ன காலம் வந்தது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல வேளை கிடைக்காது. சின்னவள் ஒரு வாரம் முயன்று பார்த்தாள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னாலேயே அவளுக்குக் கை வேர்க்கும். நாம் தொட்டால் எல்லாம் போய்விடும், நாற்பது பிள்ளைகளின் பாடம் போய்விடும் என்ற பயம். கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மெஷினுக்கும் எனக்கும் ஆகாது அத்தான், உங்களுக்குத்தான் தெரியுமே என்று தொலைபேசியில் சொன்னாள். உங்களுக்குத்தான் தெரியுமே! மாப்பிள்ளை, ம் என்றார். அந்த ஒரு ம்முக்காக அவர் தன்னை எத்தனை முறை திட்டிக்கொண்டார் என்பதற்குக் கணக்கில்லை. திட்டிக்கொண்டாரே தவிர, திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொல்ல நினைத்து நினைத்தே தள்ளிப்போட்டார்.

சின்னவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் பெருகின. அடுத்த தெருவில் பெரிய டியூஷன் சென்டர் நடத்துகிற அம்மாள் ஒருத்தி காதுக்கு அது எட்டியது. வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கு நடத்துங்கள், பங்குதாரர்களிடம் காட்ட ஒரு பாடத்தை மட்டும் வீடியோ எடுத்துக் கொடுங்கள் என்றாள். சின்னவள் முடியவே முடியாது என்றிருக்கிறாள். அவள் கணவர், நீ எதையும் தொடாதே, நான் எடுக்கிறேன் என்று தன் போனில் எடுத்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். விடுமுறை நாளில் எல்லோரும் மாமனார் வீட்டில் கூடியபோது, சின்னவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"திறக்கமாட்டேங்குது அத்தான். சத்தம் வருது, படம் கறுப்பா இருக்கு. நான் தொடக்கூட இல்ல, பக்கத்துல நின்னேன், அதுக்கே இப்படி" என்றாள். மாமனார் சிரித்தார். அக்கா சிரித்தாள். சின்னவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறோம் என்ற பயம் இருந்தது.

மாப்பிள்ளை பென் டிரைவை வாங்கிச் செருகினார். முதல் வேலையாக ஒரு காப்பி எடுத்தார். பழசும் புதுசும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. வேறு பிளேயரை இறக்கிப் போட்டார். ஃபைலைத் திறந்தார். சாப்பாட்டு மேஜை தெரிந்தது, சுற்றிலும் பிள்ளைகள், நடுவில் சின்னவள். ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதியைப் பிய்த்து ஒருத்தியிடம் கொடுத்தாள். அந்தப் பாதியில் பாதியைத் தானே வாயில் போட்டுக்கொண்டு, இப்ப உன்கிட்ட எவ்வளவு இருக்கு, என்கிட்ட கோபப்படாமச் சொல்லு என்றாள். அந்தப் பிள்ளை கோபத்தோடு சரியான விடையைச் சொன்னது. மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். சின்னவள் திரைக்குக் கிட்டே வந்தாள். தான் பாடம் நடத்துவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாயில் கை வைத்துக்கொண்டு, இது நானா, இது நானா என்று கேட்டாள்.

மாப்பிள்ளை தொட்டால் படம் ஓடும் என்றார் மாமனார்.

மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பினார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "மாமா, அப்படிச் சொல்லாதீங்க" என்றார். சின்னவளைப் பார்த்தார். இந்த முறை தோளைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு உன் ஃபைல் கெட்டுப்போகல. இதே மாதிரிதான் இருந்துது. படம் வரல, சத்தம் வந்துது. ஹெட்ஃபோன்ல எனக்குக் கேட்டுது. உங்க யார்கிட்டயும் சொல்லல. எதையோ இறக்கி, அதுமேலயே எழுதவிட்டு, நான்தான் அழிச்சேன். கார்டையும் நான்தான் தொடச்சேன். நீ எதையும் தப்பா அணைக்கல. உன்மேல பழியைப் போட்டேன்."

மாமனார் எழுந்து வந்து மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. அவள் மனசுல இருக்கற பயம் போகணும்னு பழியை உங்க தலையில போட்டுக்கறீங்களே மாப்பிள்ளை, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றார். இல்லை மாமா, நிஜமாகவே நான்தான் என்று மாப்பிள்ளை அந்தப் புரோகிராமையும் பச்சைப் பொத்தானையும் விளக்க ஆரம்பித்தார். விளக்க விளக்க, எவ்வளவு விஷயம் தெரிந்து வைத்திருக்கிறார் பார் என்று மாமனாரின் முகம் மலர்ந்தது. தலைவலி என்று பதில் வாங்கியிருந்த மனைவி மட்டும் கணவரையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. செய்த தப்பைச் சொல்லக்கூட அந்த வீட்டில் அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

சின்னவள் பென் டிரைவைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அவர் கொஞ்சம் பொறுத்துப் பின்னால் போனார். துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா நம்பல" என்றாள். "நான் நம்பறேன். பொய் சொல்ற பிள்ளை முகத்தையும் ஒத்துக்கற பிள்ளை முகத்தையும் தினமும் பாக்கறவ நான்."

அவர் கை கட்டி நின்றார். திட்டு என்று மனசுக்குள் கெஞ்சினார். நாலு வார்த்தை திட்டினால் போதும், காலில் விழக்கூடத் தயார். எத்தனை வருஷம் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது, வேலையை விட்ட அன்று ஏன் ம் என்றீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பதில்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அதை எல்லாம் கேட்கவில்லை.

"சத்தம் கேட்டுதுன்னு சொன்னீங்கல்ல?" என்றாள். "முழு வகுப்பும் கேட்டீங்களா?"

"ஓடிக்கிட்டுதான் இருந்துதும்மா."

"அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டது உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான் அத்தான். நான்கூடக் கேக்கல. சொல்லுங்க, நான் எப்படி நடத்தினேன்?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நினைவைத் துழாவினார். லேத்துச் சத்தம் வந்தது. நாற்காலி இழுபடுகிற ஓசை வந்தது. பிறகு அவள் குரல், குரல் மட்டும், ஒரு சொல்லும் இல்லாமல். அந்த வகுப்பு முழுக்க அவர் காதுக்குள் நடந்தது. அவரோ கறுப்புத் திரையையே முறைத்துக்கொண்டு, படம் வருமா, மானம் போகுமா என்று இருந்தார். ரொம்ப நல்லா நடத்தினே என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எளிதாக, பழகின வாக்கியம் மாதிரி. அதை விழுங்கினார்.

"ஞாபகம் இல்லம்மா" என்றார். "நான் கவனிக்கல. பசங்க ஒரு இடத்துல சிரிச்சாங்க. ஏன்னு தெரியாது."

அவள் இன்னும் ஏதாவது வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் வரவில்லை. வகுப்பு போன அன்று அழாதவள், வேலையை விட்ட அன்று அழாதவள், அப்போது கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றார்.